இறைச்சிக்கடை பீன்ஸ்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒட்டிக் கிடக்கும் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தின் சிற்றூர்களில், ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் இறைச்சிக்கடைகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நுழைகிற புதியவன் முதலில் காண்பதெல்லாம் அவன் எதிர்பார்த்த காட்சிதான்: குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்த மாட்டிறைச்சித் துண்டங்கள், பன்றியின் விலாப்பகுதிகள், சரஞ்சரமாகக் கிடக்கும் ஸாஸேஜ்கள். சற்றே பக்கவாட்டில் திரும்பினால், ‘டெலி’ என்று அவர்கள் சொல்கிற, சமைத்த பதார்த்தங்களுக்கென்றே ஒதுக்கிய மற்றொரு பெட்டி கண்ணிற் படும். அங்கே உருளைக்கிழங்கு ஸாலட், மயோனைஸில் பிசைந்த முட்டைக்கோஸ், மக்ரோனி ஆகியவற்றுக்கு நடுவே, ஆழமான தட்டம் ஒன்றில், கறுப்பும் செம்மையும் கலந்த பாகிலே அமிழ்ந்து, பார்வைக்கு ஒரு சோபையும் இல்லாமல் கிடப்பதுதான் பேக்டு பீன்ஸ். மாமிசம் விற்பவர் பயற்றைச் சமைத்து விற்பானேன் என்று நம்மவர்க்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தப் பதார்த்தத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துப் பார்த்தால், இறைச்சிக்கடையே இதற்குரிய ஸ்தானம் என்பதும், டப்பாவில் அடைத்து உலகமெங்கும் அனுப்பப்படுகிற சரக்குத்தான் வீடுவிட்டுப் போனது என்பதும் விளங்கும்.

விதையிலிருந்து தொடங்குவோம். நியூ இங்கிலாந்தார் பெரும்பாலும் கையாளுவது பட்டாணியளவே உள்ள வெள்ளை விதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களில் மாலுமிகளுக்கு முக்கிய ஆகாரமாக ஏற்றப்பட்டு வந்ததால் ‘நேவி பீன்ஸ்’ என்று பெயர் பெற்றது. நம் வீடுகளில் பச்சையாக அரிந்து பொரியல் செய்கிற பீன்ஸும், வடஇந்தியர் விரும்பும் ராஜ்மாவும், இந்த வெள்ளை விதையும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பிஞ்சைத் தின்பதும் முற்றிய விதையைத் தின்பதும்தான் வித்தியாசம். இந்த இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. கொலம்பஸ் கடல் கடந்ததற்குப் பிறகுதான் பழைய உலகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்நாட்டுப் பூர்வகுடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மண்மேட்டில் கலந்து பயிரிட்டு, ‘மூன்று சகோதரிகள்’ என்று அவற்றை அழைத்தார்கள். சோளத்தண்டு கொடிக்குக் கொம்பாகவும், பூசணியிலை மண்ணுக்கு நிழலாகவும், பீன்ஸின் வேர் நிலத்துக்குச் சத்தளிப்பதாகவும் அமைந்த அந்தச் சாகுபடி முறையை இன்றைய விவசாய சாஸ்திரிகளும் சிலாகித்துப் பேசுகிறார்கள். பீன்ஸைக் கரடிக் கொழுப்பும் மேப்பிள் மரத்துப் பாகும் சேர்த்துக் குழியிலே புதைத்துச் சமைக்கும் வித்தையையும் அவர்களிடமிருந்தே வெள்ளையர் கற்றுக்கொண்டார்கள் என்பது அப்பிரதேசத்தில் வழங்கும் ஐதிகம்.

1630-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரை ஸ்தாபித்த பியூரிடன்கள் சமய அனுஷ்டானத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். சனிக்கிழமை சூரியாஸ்தமனத்தில் தொடங்கும் ஓய்வுநாளில், அடுப்பு மூட்டிச் சமைப்பதும் அவர்களுக்குத் தகாத காரியமாகவே பட்டது. ஆகையால் இல்லத்தரசிகள் வெள்ளிக்கிழமை இரவே பீன்ஸை ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில் அதைப் பானையிலிட்டு, ரொட்டி சுட்டபின் மெல்லத் தணிந்துகொண்டிருக்கும் செங்கல் அடுப்பினுள் தள்ளிவிடுவார்கள். அது நாள் முழுதும் தானே வெந்து, அன்றிரவு ஆகாரமாகி, மிச்சம் ஞாயிற்றுக்கிழமை காலை வரை சூடு ஆறாமல் இருக்கும். பிற்காலத்தில் வீட்டில் செங்கல் அடுப்பு இல்லாத பட்டணத்து ஜனங்களின் பானைகளை ரொட்டிக்கடைக்காரர்களே வீடுவீடாக வந்து வாங்கிக்கொண்டு போய், தம் அடுப்பில் வைத்து வேகவிட்டு, ரை மாவும் சோளமாவும் மொலாசஸ் என்னும் கரும்புப் பாகும் சேர்த்து ஆவியில் அவித்த பழுப்பு ரொட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளுக்காக மாட்டிறைச்சியும் பீன்ஸும் சேர்த்து இரவெல்லாம் வேகவைக்கிற ‘சோலென்ட்’ என்னும் பதார்த்தமும் இதே நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்ததுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்கள் என்று சாதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்படியாகப் பாஸ்டனுக்கும் பீன்ஸுக்கும் ஏற்பட்ட பந்தம் ‘பீன்டவுன்’ என்ற பட்டப்பெயராக இன்றுவரை நிலைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்துப் பேஸ்பால் குழுவினர் ‘பீன்ஈட்டர்ஸ்’, அதாவது பீன்ஸ் தின்னிகள், என்ற பெயரோடேயே மைதானத்தில் இறங்கி வெற்றி பல கண்டார்கள்; ஊர் மாறிப் பெயர் மாறி இன்று அட்லாண்டா பிரேவ்ஸ் என்று விளங்குவது அந்தக் குழுதான். மாஸசூசெட்ஸ் மாகாணத்துக்கு அதிகாரபூர்வமான பறவையும் பூவும் இருப்பதுபோலவே அதிகாரபூர்வமான பீன்ஸும் உண்டு. அது பேக்டு நேவி பீன்ஸ் என்று சொல்லவும் வேண்டுமோ?

இனிப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இன்று இந்தப் பதார்த்தத்தை நாவில் வைத்ததும் முதலில் தாக்குவது அதன் தித்திப்பே. கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுகிற, கசப்பும் இனிப்பும் கலந்த கறுத்த பாகாகிய மொலாசஸே அதற்குக் காரணம். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் வியர்வையில் உற்பத்தியான அந்தப் பாகு, நியூ இங்கிலாந்தின் உப்புக் கருவாட்டுக்கும் மரத்துக்கும் பண்டமாற்றாகப் பீப்பாய் பீப்பாயாகப் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கி, அங்குள்ள சாராய ஆலைகளில் ரம் ஆயிற்று. 1733-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்நிய மொலாசஸின் மீது காலனுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்ததும், அதைப் பாதியாகக் குறைத்தாலும் கறாராக வசூலிக்க 1764-இல் முனைந்ததும், குடியேற்ற நாட்டாரின் மனக்கசப்பை வளர்த்து, பின்னால் மூண்ட சுதந்திரப் போருக்கு விறகு சேர்த்தன. இருந்தும், பியூரிடன்கள் தின்ற பீன்ஸ் இன்றுபோல் தித்தித்தது என்று எண்ணுவது பிசகு. லிடியா மரியா சைல்ட் என்னும் அம்மையார் 1829-இல் வெளியிட்ட, சிக்கனமான இல்லத்தரசிகளுக்கான பிரசித்தமான சமையல் நூலில், பீன்ஸுக்குப் பன்றியிறைச்சியும் மிளகும் சொல்லப்பட்டிருக்கின்றனவேயன்றி மொலாசஸைக் காணோம். ஆதியில் இது உப்பும் கொழுப்பும் சேர்ந்த பதார்த்தம். இனிப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1919 ஜனவரி 15-ஆம் தேதி பாஸ்டனின் வடமுனையில், இருபத்து மூன்று லட்சம் காலன் மொலாசஸ் நிரம்பிய ராட்சதத் தொட்டி வெடித்து, பாகு வெள்ளமாகத் தெருவில் பாய்ந்து 21 பேரைக் கொன்ற பயங்கரத்தை, பீன்ஸைப் பற்றி எழுதுவோர் யாவரும் எப்படியாவது நுழைத்துவிடுகிறார்கள்; நானும் நுழைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பாகு சமையலறைக்கு உரியதன்று. ஆலைகளுக்கு வேண்டிய ஆல்கஹால் காய்ச்சுவதற்காகச் சேமித்தது.

இனி இறைச்சிக்கடைக்கு வருவோம். அந்த அம்மையாரின் நூல் சாட்சி சொல்வதுபோல், பீன்ஸோடு ஆதி முதல் பிரியாமல் இருப்பது உப்பிட்ட பன்றிக்கொழுப்பு. குளிர்காலத் தொடக்கத்தில் பன்றியை அறுத்து, வயிற்றுப்பகுதியின் கொழுப்பை உப்புப் பீப்பாயில் அடுக்கி, வருஷம் முழுதும் சிறிது சிறிதாக எடுத்துப் பிரயோகிப்பது அக்காலக் குடியானவர் வழக்கம். இன்றைய இறைச்சிக்கடைக்காரரிடமோ அத்தகைய துண்டுகள் தினந்தோறும் குவிகின்றன: பேக்கனை ஒரே சீராக மெல்லிதாகச் சீவியபின் மிஞ்சுகிற இரண்டு முனைகள், ஹாமின் எலும்பை ஒட்டிய கணுப்பகுதி, புகையில் பதப்படுத்திய மாட்டு மார்க்கண்டத்தின் ஓரங்கள். அழகாக வெட்டி அடுக்க உதவாத இவற்றை வாடிக்கைக்காரர் யாரும் விலை கொடுத்துக் கேட்பதில்லை. ஆனால் உப்பும் புகையும் ருசியும் மிகுதியாக ஏறியிருப்பது இந்த ஓரங்களிலும் முனைகளிலுமேதான். அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, மலிவான பீன்ஸோடு சேர்த்து, இரவு அடுப்பில் வைத்துவிட்டுப் போனால், காலையில் குப்பைக்குப் போக வேண்டியது பவுண்டுக்கு இவ்வளவு என்று விற்கிற பண்டமாகிவிடுகிறது. சிக்கனமான இல்லத்தரசியின் கணக்கும் இந்த வியாபாரியின் கணக்கும் ஒன்றேதான்.

அந்தக் கணக்கு அவருக்கு விளையாட்டன்று, ஜீவனோபாயம். முன்னெல்லாம் முழு மாட்டின் பாதியோ காலோ கொக்கியில் தொங்கியபடி கடைக்கு வந்து சேரும். மூட்டுக்கு மூட்டு அதைப் பிரித்துத் துண்டம் போடும் கைத்திறமையே கடைக்காரரின் மூலதனமாக இருந்தது. 1967-இல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் என்ற கம்பெனி, ஆலையிலேயே இறைச்சியைப் பிரித்து, காற்று நீக்கிய உறைகளில் இட்டுப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் முறையைப் புகுத்தியது. அதன் பிறகு எந்தப் பெரிய அங்காடியும் அதிகத் தேர்ச்சியில்லாத ஆட்களைக் கொண்டே இறைச்சி விற்க முடிந்தது. விலையில் அந்த அங்காடிகளோடு போட்டியிட இயலாத ஊர்க்கடைகள் பல மூடப்பட்டன. மிஞ்சியவை பிழைத்தது ஸாஸேஜ், தாமே புகையிட்ட ஹாம், வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களை வெட்டிக்கொடுக்கும் கூலி, பிறகு இந்த டெலிப் பெட்டி ஆகியவற்றால்தான். வேலை முடிந்து களைத்து வீடு திரும்புகிறவனுக்கு ஒரு துண்டம் இறைச்சியோடு, அதற்குத் துணையாகும் பதார்த்தமும் அதே இடத்தில் கிடைப்பதென்றால் அது சாமானியமான சௌகரியமா?

மாஸசூசெட்ஸில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அப்படிப்பட்ட கடையொன்றிலிருந்து வட்டமான அட்டைக் கிண்ணத்தில் வாங்கிவந்த பீன்ஸை நான் உண்டு பார்த்தேன். அதற்குமுன் எனக்குத் தெரிந்ததெல்லாம் தக்காளிச் சாற்றில் மிதக்கும் டப்பாச் சரக்குத்தான் ஆகையால், பெரிய ஆவல் எதுவும் எனக்கு இருக்கவில்லை. கிண்ணத்தில் இருந்தது வேறு ஜாதி. ஒவ்வொரு விதையும் தோல் கிழியாமல் முழுதாக இருந்தது. ஆனால் நாவுக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து இலேசாக அமுக்கிய மாத்திரத்தில் வெண்ணெயாகக் கரைந்தது. முதலில் இனிப்பு, உடனே அதை வெட்டிக்கொண்டு கடுகுப் பொடியின் காரம், கடைசியில் மொலாசஸின் இலேசான கசப்பும் புகைமணமும். இடையிடையே அகப்பட்ட இறைச்சித் துணுக்குகள் தம் உப்பையெல்லாம் விதைகளுக்கு ஈந்துவிட்டு, நார்நாராகப் பிரிந்திருந்தன. இனிப்பு ஒரு பங்கு குறைவாக இருந்திருக்கலாம் என்பது என் நாக்கின் அபிப்பிராயம். புளியும் மிளகாயும் பழகிய நாக்கு அது என்பதையும் வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் சூடாக்கியபோது, நம் வீட்டுச் சுண்டக்குழம்பைப் போல, முதல்நாளைவிடச் சுவை கூடியிருந்தது.

விதை குழையாமலும் அதே சமயம் வெண்ணெயாகவும் இருப்பது எப்படி? எட்டு மணி நேரம் அடுப்பில் கிடந்த பயறு கூழாகிவிட வேண்டாமோ? இதில் ஒரு ரஸாயன நுட்பம் இருக்கிறது. விதையின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெந்நீரில் அது கரைவதால்தான் பயறு மிருதுவாகிறது. மொலாசஸில் கால்சியமும் புளிப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. கால்சியம் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குகிறது, புளிப்பு அதைக் கரையவிடாமல் தடுக்கிறது. ஆகவே, மொலாசஸ் சேர்த்தபின் விதை எவ்வளவு நேரம் வெந்தாலும் உருக்குலையாது. இதன் மறுபக்கமும் உண்டு: பச்சை விதையில் தொடக்கத்திலேயே பாகைச் சேர்த்தால், விடிய விடிய வேகவைத்தாலும் அது கல்லாகவே நிற்கும். முதலில் வெறும் நீரில் பாதிக்கு மேல் வேகவைத்துக்கொள்ள வேண்டும். நியூ இங்கிலாந்துக் கிழவிகள் இதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். நாலைந்து விதையைக் கரண்டியில் எடுத்து வாயால் ஊதுவார்கள். தோல் வெடித்துச் சுருண்டால் பக்குவம் வந்தது என்று அர்த்தம். அதன்பிறகு விதையை, வயிறு பருத்து வாய் குறுகிய மண்பானையிலிட்டு, மொலாசஸ், கடுகுப் பொடி, உப்பு, முழு வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து, தோல் கீறிய கொழுப்புத் துண்டத்தை மேலே பாதி புதையும்படி வைத்து, ஏறக்குறைய 120 முதல் 150 டிகிரி செல்ஸியஸ் வரையிலான மந்தமான சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் விட்டுவிடுவார்கள். கடைசி ஒரு மணி நேரம் மூடியை எடுத்துவிட்டால் மேற்பரப்பு முறுகலாகப் பழுப்பேறும். பானையின் வாய் குறுகியிருப்பது நீர் வேகமாக ஆவியாகாமல் இருப்பதற்காக.

வடக்கே மேயின் மாகாணத்தில், மரம் வெட்டும் கூட்டத்தாரின் முகாம்களில், தரையில் குழி தோண்டிக் கல் பாவி, விறகை எரித்துத் தணலாக்கி, இரும்புப் பானையை அதனுள் இறக்கி மண்ணால் மூடி, மறுநாள் தோண்டியெடுப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் குழி பீன்ஸும், மாதா கோவில் மண்டபங்களில் நடக்கும் சனிக்கிழமை இரவு விருந்துகளும் அங்கே இன்னும் வழக்கொழியவில்லை. எல்லையைத் தாண்டிக் கனடாவின் கியூபெக்கில் மொலாசஸுக்குப் பதில் மேப்பிள் பாகு. தென்மேற்கே கான்ஸஸ் நகரத்தில், புகைக்கூண்டில் வேகும் மாட்டு மார்க்கண்டத்துக்கு நேர்கீழே பீன்ஸ் தட்டத்தை வைத்து, சொட்டுகிற கொழுப்பை வீணாக்காமல் அதில் ஏந்திக்கொள்கிறார்கள். டெக்ஸாஸ்காரர்களோ இனிப்பென்றால் முகஞ்சுளித்து, புள்ளிபோட்ட பின்டோ பீன்ஸை மிளகாயோடு வேகவைக்கிறார்கள். அங்கே லாக்ஹார்ட் முதலிய ஊர்களில் இன்று பார்பெக்யூவுக்குப் பேர்போன சாப்பாட்டுக் கடைகள் சில, ஜெர்மானியர் குடியேறி நடத்திய இறைச்சிக்கடைகளாகத் தொடங்கியவை. விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையிட்டு விற்றதிலிருந்து பிறந்ததே அவற்றின் கீர்த்தி.

டப்பாவின் கதை வேறு. பிட்ஸ்பர்க் நகரத்து ஹைன்ஸ் கம்பெனி 1895-இல் தக்காளிச் சாற்றில் பீன்ஸை அடைக்கத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் அதை இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றது. அங்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பங்கீட்டின்போது பன்றித்துண்டு நீங்கியது, நீங்கியது திரும்பவேயில்லை. தவிரவும், டப்பா பீன்ஸ் பெரும்பாலும் அடுப்பையே காண்பதில்லை. வெந்நீரில் முக்கியெடுத்த விதையையும் சாற்றையும் டப்பாவிலிட்டு, மூடி முத்திரையிட்டபின், நீராவியின் அழுத்தத்தில் வேகவைத்துவிடுகிறார்கள். கொழுப்பும் போய், அடுப்பும் போய், எஞ்சியது தக்காளியும் சீனியும் பெயரும். மலிவாகவும் மாதக்கணக்கில் கெடாமலும் இருப்பதால் அதை இகழ்வதற்கில்லை. காலையில் ரொட்டியின்மேல் கொட்டிக்கொண்டு இங்கிலாந்தே வேலைக்குப் போகிறது. ஆனால் அதை மட்டும் உண்டவர்கள் பேக்டு பீன்ஸைப் பற்றி முடிவுகட்டிப் பேசுவது நியாயமாகாது.

தேகநலத்தைப் பொறுத்தவரை, பயற்றுக்குரிய புரதமும் நார்ச்சத்தும் இதில் உண்டு. கூடவே உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. ஆகவே இது தட்டின் ஓரத்தில் இருக்க வேண்டிய பதார்த்தம். வாயுத்தொல்லைக்குக் காரணம், நம் குடலால் ஜீரணிக்க முடியாத ராஃபினோஸ் முதலிய சர்க்கரை வகைகள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் ஓரளவு குறையும். வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர், ஊறிய விதையைக் குறைந்தது பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிட மறக்கலாகாது. இந்த இனத்து விதைகளில், சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகமாகவும் மற்றவற்றில் குறைவாகவும், ஒருவித நச்சுப்பொருள் உண்டு. மந்தமான சூட்டில் அது அழிவதில்லை, கொதியில் அழிகிறது. கடையில் வாங்கியதானால் குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நான்கு தினங்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

கடைசியாக, அங்கே படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் போகிற நம்மவர்க்கு ஒரு வார்த்தை. பயறுதானே, இதில் என்ன இருக்கப்போகிறது என்று எண்ணி, சைவ உணவுக்காரர்களும், பன்றி விலக்கான முஸ்லிம் நண்பர்களும் விருந்துகளில் இதைக் கூசாமல் பரிமாறிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். துணுக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கொழுப்பு சாற்றில் கரைந்திருக்கும். இங்கிலாந்தில் விற்கும் தக்காளிச் சாற்று டப்பாக்களில் இந்தச் சங்கடம் அனேகமாக இல்லை. அமெரிக்காவிலோ ‘வெஜிடேரியன்’ என்று அச்சிட்டதைத் தேடித்தான் வாங்க வேண்டும். இறைச்சிக்கடையில் சமைத்த பீன்ஸில், கடைக்காரரே இல்லையென்று சொன்னாலொழிய, பன்றிக்கொழுப்பு உண்டென்றே கொள்க.